வரம்பு மீறிய கதை

போன கிழமை, என்னுடைய திருட்டை ஒரு பல்கலைக்கழகமே வந்து தோண்டி எடுத்தது.

சித்தாண்டிப் பக்கத்து நெல்வெளியில், அதாவது எங்கள் வட்டையில், என் மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் ஒன்று இருக்கிறது. அடுத்த வயல் அவளுடைய அக்கா சரோவுடையது. நடுவே ஒரு வரம்பு. அந்த வரம்பால் இரண்டு வீடுகளுக்கும் மூன்று வருடங்களாகப் பேச்சில்லை. சரோ மச்சாளின் மகள் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. அன்று முழுக்க என் மனைவி சாப்பிடாமல் படுத்திருந்தாள்.

காரணம்? வரம்பை நான் அவர் பக்கம் தள்ளி வெட்டிவிட்டேனாம். அபாண்டம் என்று சத்தம் போட்டேன். (உண்மைதான். ஒரு முழம். இதையெல்லாம் ஒத்துக்கொள்ள முடியுமா?)

இப்போது வட்டைக்குள்ளால் புது ரோடு வருகிறது. அதற்கு முதல் பழைய வரம்புகளை ஆராய வேண்டுமாம். பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் படித்த ஒரு பெண் தன் குழுவோடு வந்தார். இத்தனை வரம்பு இருக்க, அவர் குறுக்கே வெட்டத் தேர்ந்தெடுத்தது எதை? ரோட்டோரம் முட்டி நின்ற எங்கள் வரம்பைத்தான்!

குழிக்கு அந்தப் பக்கம் மச்சாள், குடையோடு. இந்தப் பக்கம் நான், வியர்வையோடு.

குழிச்சுவரில் கேக் மாதிரி மண் அடுக்குகள். “அடியில ஓட்டுத்துண்டு கிடக்கு. நல்லாப் பழைய வரம்பு. ஆனா ஒரே இடத்தில நிக்கல்ல… இங்கால போயிருக்கு, பிறகு அங்கால வந்திருக்கு” என்றார் அந்தப் பெண்.

“ஆரோ தள்ளித் தள்ளி வெட்டியிருக்காங்க எண்டு சொல்லுங்க” என்றார் மச்சாள், என்னைப் பார்த்தபடி.

அப்போது மேலடுக்கு ஒன்றிலிருந்து ஏதோ நீலமாக எட்டிப் பார்த்தது.

“என்னகா அது?” என்று குனிந்தார் மச்சாள்.

பேனை. மூடியோடு.

“வயலுக்குப் பேனையோட வாற மனிசன் இந்த வட்டையில ஆரு?”

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குச் சட்டைப் பையே எதிரி! காது இரண்டும் சுட்டன. “நான்தான் மச்சாள் வெட்டினன். மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன். சொன்னதும் மூச்சு இலேசாக வந்தது.

அந்தப் பெண் விடுவதாக இல்லை. “பொறுங்க சேர். பேனைக்கு மேல இன்னொரு அடுக்கு இருக்கு. இது அங்கால இருந்து உங்கட பக்கம் தள்ளினது. ரெண்டு முழம் வரும்.”

குடை மெதுவாகத் தாழ்ந்தது. மச்சாளின் முகம் அதற்குள் மறைந்தது.

“மச்சாள்?”

“நீங்க வெட்டி அடுத்த போகத்தில…” என்றது குடைக்குள்ளிருந்து ஒரு குரல். “கண்டு கேப்பீங்க எண்டு பாத்தன். கேக்கவே இல்லையே!”

எப்படிக் கேட்பேன்? குற்றம் செய்தவன் அந்தப் பக்கம் திரும்பினால்தானே! என் நிலம் போனது எனக்கே தெரியாது. சண்டை போடுகிற எல்லோருமே இப்படித்தானோ — சத்தம்தான் போடுவோம், மண்ணை அளக்கவே மாட்டோம்.

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்னும் தகராறு. ஆனால் அன்று மத்தியானம் மச்சாள் வீட்டில்தான் சோறும் மீன் ஆணமும். என் மனைவி ஓட்டோ பிடித்து வந்து இறங்கினாள். அக்காவும் தங்கையும் அழுது முடித்துக் கல்யாண அல்பத்தை விரித்தார்கள். பழைய அடியடுக்கு நின்ற இடத்திலேயே வரம்பைக் கட்டுவது என்று முடிவாயிற்று.

பின்னேரம் குழு புறப்படும்போது அந்தப் பெண்ணின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன். ‘பல தலைமுறைகளாகத் தொடர்ந்து பராமரிக்கப்பட்ட வரம்பு’ என்று எழுதியிருந்தார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை!