ஈரலில் விழுந்த உடைப்பு

உங்கள் அம்மாவின் வயிற்றில் இருக்கும் தழும்பைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஒரு ஆபரேசன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். முழுதாகச் சொல்லச் சலிப்பு. இன்று எழுதிவிடுகிறேன்.

கோம்பையில் நாம் வாழை போட்டிருந்த காலம்; நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். அம்மாவுக்குக் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் போகாமல் இழுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் விலாவுக்கு இடையே ஊசி விட்டு, ஈரலில் ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய நோய் இல்லை என்றார்கள். மெல்ல மஞ்சளும் தெளிந்தது. ஊர் திரும்பினோம்.

சில மாதம் கழித்து வயிறு மேடிட்டது. மாதாமாதம் வரும் தூரமும் நின்றிருந்தது. வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு. என் அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தா, பிள்ளை துடிக்குதுடி!" என்றாள்.

"பிள்ளை இப்படி ஓயாமலா துடிக்கும், மதினி?"

"என் தம்பி வாய் என்னைக்கு ஓஞ்சிருக்கு? அவன் பிள்ளை மட்டும் ஓயுமாக்கும்!"

நம் சொந்தத்தில் மாசமான பெண்ணுக்கு வீட்டுக்கு ஒரு சட்டி ஆக்கிக் கொண்டுவருவது வழக்கம். கருவாட்டுக் குழம்பு, உப்புக்கண்டம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று வந்துகொண்டே இருந்தது. அம்மாவும் ஆசையாகத் தின்றாள். வயிறு இன்னும் ஊதியது. "ரெட்டைப் பிள்ளைடா" என்றாள் அக்கா. பிறகு கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. மருத்துவச்சியைக் கூட்டிவந்தோம். அமுக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை இல்லப்பா. நோவுல தூரம் நின்னிருக்கு. வயிறு பூராம் தண்ணி. மதுரைக்குக் கொண்டு போ."

உங்கள் இருவரையும் அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

டாக்டர் அந்த அதிர்வின்மேல் குழாயை வைத்துக் கேட்டார். மருந்து ஏற்றிப் படம் எடுத்தார். முன்பு குத்திய ஊசி ஈரலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ரத்தக்குழாய்களையும் துளைத்திருக்கிறது. ஓட்டையோடு ஓட்டை ஒட்டிக்கொண்டு வழியாகிவிட்டது. இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தம், குடலிலிருந்து மெதுவாக வரும் குழாயில் போய் விழுகிறது. மேட்டு வாய்க்கால் உடைந்து பள்ளத்து வாய்க்காலில் பாய்கிறது என்று எனக்கு விளங்கியது. அந்தக் கரை எத்தனை நாள் தாங்கும்?

"யாரும் தப்பாச் செய்யலை. அபூர்வமா இப்படி ஆகிடும்" என்றார். விட்டால் ஒருநாள் ரத்த வாந்தி எடுக்கலாம், வேகமாக வரும் குழாயைக் கட்டிவிட வேண்டும், ஆனால் கட்டினால் ஈரல் தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "உப்பைத் தொடவே கூடாது. உப்புதான் தண்ணியைச் சேர்க்கும்." வீடுவீடாக வந்த சட்டிகளை நினைத்தேன். யாரைக் கோபித்துக்கொள்வது?

அவளைப் பார்த்தேன்.

"கட்டச் சொல்லுங்க. நீங்க பொங்குற சோத்தைத் தின்னுட்டு அதுக ரெண்டும் எப்படி வளரும்?"

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துக் கிடந்தேன். விழித்ததும் அவள் கை, பிள்ளைத் துடிப்பென்று நாங்கள் நம்பியிருந்த அந்த அதிர்வைக் கட்டுத்துணிக்கு மேலே தடவித் தேடியது.

"நின்னுருச்சாங்க?"

"நின்னுருச்சு. டாக்டரும் குழாய் வச்சுப் பார்த்துட்டாரு. இனிப் பயமில்லை."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள்.