தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டிய முகம்

பதுளையில் கேமராப் படங்களை டிவிடியில் ஏற்றித் தரும் கடைக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் முட்டும்படிதான் எதையும் பார்ப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவை மச்சான் கேமராவில் எடுத்திருந்தான். இறந்துபோன என் மனைவி நடந்து வருவது அதில் மட்டும்தான் இருக்கிறது.

"முழுசையும் ஒரே டிஸ்க்ல போட்டுருங்க, நானா" என்றேன் அந்த முஸ்லிம் அண்ணனிடம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

"திணிச்சா மொகமெல்லாம் கட்டங் கட்டமா ஒடஞ்சிரும் தம்பி. யார் மொகம் வேணும்?"

கூச்சத்தோடு திரையைத் தொட்டுக் காட்டினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் பால்குடத்தோடு வரும் பகுதியை மட்டும், தரம் குறைக்காமல், தனி டிஸ்க்கில் ஏற்றினார். அப்படியும் மங்கலாகத்தான் இருந்தது.

"கேமராவுல விழாதத நான் எங்க போயி எடுக்க? டிவியில கிட்டப் போனா மொகம் கலஞ்சிரும். தள்ளி உக்காந்து பாருங்க."

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறையில் தள்ளி உட்கார இடமில்லை. சுவரில் முதுகு ஒட்டும்வரை நகர்ந்தும் முகம் கூடி வரவில்லை. வாசலைத் தாண்டி மழையில் நின்று பார்த்தேன். அவள் போலவும் இருந்தது, யாரோ போலவும் இருந்தது.

எப்போதும் திரையோடு ஒட்டியிருக்கும் அந்த மனிதர், தள்ளி உட்காரும் யோசனையை யார் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ? இன்னும் நான் கேட்கவில்லை.