அன்ரியின் அம்மப்பாவைத் தேடிப் போன நாள்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஐரிஷ் அம்மா தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. நாங்கள் அவரை அன்ரி என்போம். இளைய ஆண்களை எப்படிக் கூப்பிடுவது என்று என் மனைவியிடம் கேட்டறிந்து, அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய ஆங்கிலத்தை என் வாயில் வரும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் அன்ரி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொண்டுவருவார். கூடவே, நாங்கள் சைவம் என்பதால், முட்டை போடாமல் தன் கையால் சுட்ட கேக். அந்தத் திகதி என் பாஸ்போர்ட்டில் உள்ளது. உண்மையில் நான் ஆவணி மாதத்தில் உத்தர நட்சத்திரத்தில் பிறந்தவன். அகதியாக வந்தபோது ஏஜென்ட் சொல்லித்தந்ததைச் சொன்னேன், அதுவே பதிவாகிவிட்டது. இதை அன்ரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

அன்ரிக்கு மனதில் ஒரு பாரம் இருந்தது. அவருடைய அம்மப்பா அயர்லாந்திலிருந்து வந்து பிரித்தானியப் பட்டாளத்தில் சேர்ந்தவர். முதலாம் உலகப் போருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. லண்டனில் இருந்த மனைவிக்கு ஓர் அறிவித்தலும் வரவில்லை. கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போனார் என்றே தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைதான் அன்ரியின் அம்மா. சாகும்வரை, யாராவது தகப்பன் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவாராம்.

"அவர் ஓடினவரோ இல்லையோ எண்டு தெரிஞ்சால் போதும், தம்பி. எனக்குச் சின்ன எழுத்துத் தெரியேல்லை. நீ வந்து வாசிச்சுச் சொல்லுவியோ?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பேன். ஆனாலும் ஷிப்ட் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, திருநீறு பூசிக்கொண்டு, அன்ரியைக் கியூ என்ற இடத்திலுள்ள அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன்.

பழைய பட்டாளப் பத்திரங்களைப் படம்பிடித்து பிலிம் சுருளாக வைத்திருந்தார்கள். அடுத்த போரில் குண்டு விழுந்து நிறைய எரிந்துபோனதாம். மிஞ்சியவற்றில் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, பிலிம் பார்க்கும் கருவியின் கைப்பிடியைச் சுற்றினேன். அம்மப்பாவின் பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் எந்த வகையிலும் பொருந்தவில்லை. ஆறாமவருக்கு ஊர் சரியாக இருந்தது. ஆனால் வயது இரண்டு கூட. மணமாகாதவர் என்றும் இருந்தது.

"அவர் இல்லை. எங்கட அம்மப்பாவின்ர ஞானஸ்நானப் பத்திரம் வீட்டிலை கிடக்கு. வயசு பிழை. விடு, போவம்," என்று அன்ரி கைப்பையை எடுத்தார்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அன்ரி, கடுதாசியிலை கிடக்கிற வயசை நம்பாதேங்கோ. என்ர பாஸ்போர்ட்டிலை கிடக்கிறதும் பொய்தான். நான் ஜனவரியிலை பிறக்கேல்லை."

அன்ரி கைப்பையோடு என் பக்கம் திரும்பினார். "அப்ப இவ்வளவு வருசமும் நான் ஆருக்குக் கேக் சுட்டனான்?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அன்ரி சிரித்தார். பிறகு கைப்பையைக் கீழே வைத்தார்.

பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொல்லலாம். உடம்பை மாற்ற ஏலாது. நான் அங்க அடையாளம் எழுதிய இடத்தைத் தேடினேன். விளிம்பு கருகிய தாளில் மங்கலாக இருந்தது: இடது கைச் சின்ன விரல் வளைந்தது. அன்ரி தான் கொண்டுவந்த, அம்மப்பாவின் ஒரே படத்தை எடுத்தார். பட்டாள உடுப்போடு நின்றவரின் இடது கை நாற்காலியின் மேல் இருந்தது. சின்ன விரல் கொக்கிபோல மடங்கியிருந்தது.

அடுத்த தாளை மெல்ல வாசித்தேன். போர் தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே காயப்பட்டு, பிரான்சில் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். அந்தக் காலத்தில் மேலதிகாரியின் அனுமதியில்லாமல் கலியாணம் செய்தால் மனைவியைப் பட்டாளம் பதிவதில்லை என்று அங்கு வேலைசெய்யும் பெண் விளக்கினார். அதனால் அறிவித்தல் அயர்லாந்திலிருந்த தாய்க்குப் போயிருக்கிறது. லண்டனில் ஒரு மருமகள் இருந்தது அந்தத் தாய்க்குத் தெரியுமோ என்னவோ.

"ஓடேல்லை," என்றார் அன்ரி. திரும்பவும் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் கோயிலுக்குப் போனபோது அன்ரியும் வந்தார். மோட்ச அருச்சனைக்கு ஐயர் கோத்திரம் கேட்டார். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் சிவகோத்திரம் என்றேன். அம்மப்பாவின் ஐரிஷ் பெயரை ஐயர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, பிறகு மந்திரத்தில் சேர்த்தார். அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து, என் தோளைப் பிடித்தபடி சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போது சொன்னார்: "அம்மா இப்ப இருந்தால் எழும்பிப் போகமாட்டா, தம்பி."