ரெண்டாவது டிஸ்க் இருக்கா?

என் அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நலம் விசாரிப்பது டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத்தான். வீட்டுக்காரர்கள் காபி போட உள்ளே போகிற நேரம் அவருக்குப் போதும். பழைய டிவிடி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "ரெண்டாவது டிஸ்க் இருக்கா?" என்று குரல் கொடுப்பார். கூடப் போன எனக்கு மானம் போகும்.

நான் அண்ணன் வீட்டுக்கு எதிர் வீடு. நாத்தனார் என்று இருந்தால் அண்ணியைக் குறை சொல்ல வேண்டும் என்பது உலக வழக்கம். அந்தக் கடமையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒரு காலத்தில் படங்கள் இரண்டு டிஸ்க்குகளாக வரும். முதலாவதில் படம். இரண்டாவதில் படம் எடுத்த கதை, வெட்டிப்போட்ட காட்சிகள், சிரித்துக் கெடுத்த டேக்குகள், காட்சி ஓடும்போதே அதன் மேல் டைரக்டர் பேசுகிற பேச்சு. டிவிடி வாடகைக் கடைக்காரர்கள் இரண்டாவதை டிராயரில் போட்டுவிட்டு முதலாவதை மட்டும்தான் வெளியே விடுவார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது படமெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. இந்த உபரிகள் மட்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. அண்ணியும், ஒரு மருந்துக்கடைக்காரரும், இன்னும் நாலைந்து பேரும் அவற்றைத் தேடிச் சேர்த்து, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். பைசா வருமானம் கிடையாது. ஊரார் சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரத்தைச் சுரண்டுகிற கூட்டம் என்று நான் சொல்வேன்.

"அடியில ஒட்டினதுலதான்டி ருசியே இருக்கு" என்பார் அண்ணி. கோபம் மட்டும் வராது. அதுதான் எனக்குக் கோபம்.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஜன்னல் இல்லாத அறை. ஒரு டியூப்லைட், லென்ஸ் தேய்க்கிற மெஷின், வெள்ளைப் பசை அப்பிய ஒரு துணிச்சக்கரம், பேர்ச்சீட்டு ஒட்டிய தட்டுகளில் காத்திருக்கும் அடுத்தவர் கண்ணாடிகள். முதலாளி சாப்பிடப் போனதும் பையிலிருந்து டிஸ்க் வெளியே வரும். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஒழுகினால் அந்த டிஸ்க் செத்தது என்று அர்த்தம். உள்ளே இருக்கிற வெள்ளிப் பூச்சு அரித்துப்போனால் காப்பாற்ற முடியாதாம். படம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறதாம். அடிப்பக்கம் எவ்வளவு கீறினாலும் சக்கரத்தில் வைத்து மெல்லத் தேய்த்தால் பிழைத்துக்கொள்ளும். முதலாளிக்கு இது தெரியும். வெள்ளைப் பசை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று அவர் கேட்டதே இல்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் சினிமா இல்லை, என் அண்ணன்.

அண்ணன் கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறவர். பார்சலைக் கிராம் சுத்தமாக எடை போடுவார். பேச்சை மட்டும் எடை போடமாட்டார். அவர் கல்யாணத்துக்கு முந்தின வருடம் எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர் நடிகராகத் திரும்பி வந்தார்.

"அத்தன பேர் நிக்கிறாங்க. டைரக்டர் என்னையப் பாத்துதான் கையக் காட்டினாரு. முன்னாடி போய் நின்னேன். கேமரா என் மேலயேதான் இருந்துச்சு. கடைசில படம் வந்தா அந்த சீனையே காணோம். வெட்டிட்டாங்க. ஹீரோவுக்குப் பொறாமை."

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அண்ணன் கதை இன்றுவரை ஓடுகிறது.

புதுப்பெண்ணாக வந்த அண்ணி இதை முழுசாக நம்பினார். பிறந்த வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். அங்கே அவருடைய தம்பி இருந்தான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரையே அதட்டிப் பழகிய வாய். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் அண்ணனைப் பார்த்தாலும், "மாமா, சீன வெட்டினாங்களா, இல்ல உங்கள வெட்டினாங்களா?" என்பான். கூடியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அண்ணி மட்டும் சிரிக்கமாட்டார்.

அந்தப் படத்துக்கும் இரண்டு டிஸ்க் வந்தது என்றும், வெட்டின காட்சிகள் இரண்டாவதில் இருக்கின்றன என்றும் மருந்துக்கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். புருஷன் நடித்தான் என்று நிரூபிக்கக் கிளம்பியவர், வழியில் அடுத்தவர்கள் வெட்டிப்போட்டதையெல்லாம் கண்டு இரங்கி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். பீரோவில் புடவைக்கு இடமில்லை. அண்ணனின் டிஸ்க் மட்டும் கிடைக்கவே இல்லை.

அது கடைசியில் ஒரு பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடிப்போன வாடகைக் கடை ஒன்றின் சொந்தக்காரர், மூன்றாம் மாடியில், துணிக்கொடியில் வரிசையாக டிஸ்க்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இதெல்லாம் ரெண்டாவது டிஸ்க்குங்களா?" என்றார் அண்ணி.

"எல்லாமே ரெண்டாவதுதாம்மா. மொத டிஸ்க்கெல்லாம் வித்துட்டேன். இத ஒருத்தரும் கேக்கல. புறாதான் பாத்து பயப்படுது."

புறாவுக்கு வேறு ஏற்பாடு செய்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடையில் கழித்துப்போட்ட கூலிங் கிளாஸ் லென்ஸ்களைக் கோத்து மாலையாகக் கொண்டுபோய்க் கட்டினார் அண்ணி. புறாக்கள் அதற்குப் பயப்படவில்லையாம். முகம் பார்த்துக்கொண்டு கூடு கட்டிவிட்டன. அதற்குள் டிஸ்க்குகள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன.

வந்த சந்தோஷத்தில் அண்ணி ஒரு தப்பு செய்தார். ஒன்றையும் போட்டுப் பார்க்காமலே அண்ணனிடம், "கிடைச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த அரைமணி நேரத்தில் அண்ணன் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. முதல் அழைப்பு அந்த டிரைவிங் ஸ்கூல் மச்சானுக்கு.

மறுநாள் மதியம் நான் கண்ணாடியின் காது உடைந்துபோய்க் கடைக்குப் போயிருந்தேன். அண்ணி தேய்த்து முடித்து, பழைய லேப்டாப்பில் போட்டிருந்தார். காதில் மாட்டுகிற ஒயரில் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டோம். புறப்படுகிற பேருந்து, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுகிற கதாநாயகி, பின்னால் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் பச்சைச் சட்டையில், இருபத்து மூன்று வயதில், என் அண்ணன். நிஜமாகவே இருந்தார். இத்தனை வருடம் அண்ணனை நான் பாதிதான் நம்பியிருந்தேன், வெட்கமாக இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, டைரக்டர் பேசுகிற ஒலிக்கு மாற்றி மறுபடி ஓட்டினார்.

"இதுதான் நான் எடுத்ததுலயே நல்ல சீன். அந்தப் பொண்ணு என்னமா அழுதிருக்கு பாருங்க. ஆனா படத்துல வைக்க முடியல. பின்னாடி பாருங்க, பச்சைச் சட்டை. இது இங்க கதறுது, அவரு நம்மளப் பாத்துத் தலை சீவுறாரு. போய்யா, போய்யான்னு கையாட்டினேன். வான்னு கூப்பிடறேன்னு நெனச்சு இன்னும் கிட்ட வந்தாரு. எத்தன டேக் எடுத்தாலும் எங்கயாவது ஒரு மூலையில பச்சை. அத வெட்டினா சீனே இல்ல சார்னு எடிட்டர் கைய விரிச்சுட்டாரு. படம் ஓடாததுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. என்னக் கேட்டா அந்தப் பச்சைச் சட்டையத்தான் சொல்வேன். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் அந்தப் பைத்தியம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மச்சான் காதில் இது விழுந்தால் அண்ணன் இனி எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது.

"அண்ணி, இந்தப் பேச்ச விட்டுட்டு காட்சிய மட்டும் வைங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

டிஸ்க் சேர்க்கும் அவர்கள் கூட்டத்துக்கு இருப்பதே ஒரே சட்டம்: வந்தது வந்தபடி. ஒரு நொடி வெட்டக்கூடாது, ஒரு வார்த்தை மறைக்கக்கூடாது, திரையில் இருப்பவர் யாரென்று தெரிந்தால் பேரும் எழுத வேண்டும்.

"அந்த டைரக்டர் போய்ச் சேந்துட்டாருடி" என்றார் அண்ணி. "ஒரு பேட்டிகூடக் குடுக்காத மனுஷன். அவரு பேசி இருக்கறது இந்த ஒண்ணுதான். இத நான் எப்படி வெட்டுவேன்?"

"அப்ப அண்ணன்?"

"பேர் போடமாட்டேன். யாரோ ஒருத்தர்னு இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பேச்சில்லாமப் போட்டுக் காட்டிக்கறேன். இவ்வளவுதான் என்னால முடியும்."

அண்ணி சட்டத்தை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். அண்ணி டிஸ்க்கை பிளேயரில் தள்ளி, தன் கையாலேயே காட்சியை ஓட விட்டு, ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. பச்சைச் சட்டை திரையில் வந்ததும் கூடமே கை தட்டியது. மச்சான் வாயடைத்துப்போனான். அந்த முகத்தைப் பார்க்க இன்னொரு டிஸ்க் வாங்கலாம்.

"நடிப்பு எப்படி?" என்றார் அண்ணன்.

"தலை சீவறீங்க" என்றான் அவன்.

"பாத்திரத்தோட பதற்றம்டா அது. இன்னொரு தடவ போடறேன், கண்ணப் பாரு."

ரிமோட்டை அழுத்தினார். வேலை செய்யவில்லை. "பேட்டரி தீந்துபோச்சுங்க, விடுங்க, எல்லாரும் சாப்பிடட்டும்" என்றார் அண்ணி. விடுவாரா அண்ணன்? நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்திலிருந்து பேட்டரியைப் பிடுங்கினார். அதைப் போட்டுத் தலைகால் புரியாமல் ஏதேதோ பட்டன்களை அழுத்தினார். காட்சி முதலிலிருந்து ஓடியது. கூடவே ஒரு குரலும் வந்தது.

"இதுதான் நான் எடுத்ததுலயே நல்ல சீன்..."

அண்ணி தண்ணீர் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ரிமோட்டைப் பிடுங்கப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். பேச்சு முழுக்க ஓடியது. 'அந்தப் பைத்தியம்' என்பதுவரை ஓடியது. மச்சானின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. எல்லாரும் அண்ணன் முகத்தையே பார்த்தார்கள்.

அண்ணன் மெல்லத் திரும்பினார்.

"கேட்டீங்களா? வெட்டிட்டாங்கன்னு சொன்னேனா இல்லையா? டைரக்டர் கையக் காட்டினாருன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். "ஹீரோவப் பத்தி ஒரு வார்த்த பேசினாரா? முழுக்க முழுக்க என்னப் பத்தித்தான். நல்லா இருக்கட்டும்னு வாழ்த்து வேற."

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அண்ணனுக்கு மீசையும் கிடையாது. மச்சான் மூச்சு முட்டச் சிரித்தான். அண்ணனும் சிரித்தார். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எங்கள் பயமெல்லாம் வீண் என்று நினைத்தேன். அண்ணி அன்றைக்கே டிஸ்க்கை வந்தது வந்தபடி இணையத்தில் ஏற்றினார்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஆபீஸிலிருந்து வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை. போனை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அண்ணியோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது யார் எழுதினது?"

அண்ணி படித்தார். காட்சியில் வருகிறவர்கள் பேர் வரிசையாக இருந்தது. கதாநாயகி, கண்டக்டராக நடித்தவர், பேருந்து டிரைவர். கடைசியில்: 'பச்சைச் சட்டையில், அடையாளம் தெரியாத நபர்.'

"நான்தாங்க எழுதினேன்."

"டைரக்டருக்கு என்னையத் தெரியாது, சரி. பைத்தியம்னாரு, அதுவும் சரி, அவருக்குப் படம் போன வயித்தெரிச்சல். உனக்கு என்ன? இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம். உனக்கு நான் அடையாளம் தெரியாத ஆளா?"

"உங்க மானம் போகக்கூடாதுன்னுதாங்க..."

"அது அங்க போகல. இங்கதான் போச்சு."

அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது. கூடமே பார்த்துச் சிரித்தபோது கலங்காத மனுஷர் அவர்.

அண்ணி கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். 'அடையாளம் தெரியாத நபர்' என்பதை அழித்தார். அண்ணனின் பேரை இனிஷியலோடு அடித்தார். அண்ணன் பின்னால் நின்று, எழுத்து எழுத்தாகக் குனிந்து சரிபார்த்தார்.

"இப்ப சரியாங்க?"

"ம்" என்றார். போகாமல் நின்றுகொண்டிருந்தார். "பச்சைச் சட்டைன்னு இருக்குல்ல, பக்கத்துல ஒண்ணு போடு."

"என்ன போடணும்?"

"சொந்தச் சட்டைன்னு."

அண்ணி அதையும் அடித்தார்.