ஒன்பதாம் அறையும் ஒரு பிளாஸ்டிக் நீர்மூழ்கியும்

சோலையம்மாள் நீர்மூழ்கிக் கப்பலைச் செய்து முடித்த பிறகுதான், அதை மூழ்கவிடத் தண்ணீர் இல்லை என்பது உறைத்தது. கப்பல் என்றால் ஒன்றரைச் சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் பொம்மை. சாத்தூருக்குக் கிழக்கே அவர் குடியிருக்கும் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். ஊருணியில் இருப்பது சேறு. தெளிந்த ஆழமான தண்ணீர் ஊரில் இரண்டே கிணறுகளில் உண்டு, இரண்டும் நிலக்காரர்களுடையவை. அந்தக் கிணறுகளைத் தூர் வார ஆள் வேண்டுமென்றால் சோலையம்மாளின் தெருவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். தூர் வாரலாம், சேற்றைத் தலையில் சுமக்கலாம். ஊறி நிறைந்த பிறகு கை வைக்கக் கூடாது. இந்த நூற்றாண்டில் இப்படியா என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்தக் கிணற்றடிக்கு ஒரு குடத்தோடு போய்ப் பார்க்கட்டும்.

சோலையம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தாம் வகுப்பு முடித்தவர். இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறார். தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக் கிடக்கும் நாட்களில் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு அட்டைப்பெட்டி ஒட்டப் போவார். நாலு வருடத்துக்கு முன் அங்கே ஒரு பொம்மைக் கம்பெனியின் ஆர்டர் வந்தது. பெட்டி அளவு சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் பொம்மை, வேலை முடிந்ததும் கழிவுக் காகிதத்தோடு மூலையில் கிடந்தது. இரண்டு பாதியாக ஒரு சாம்பல்நிற உடல், ஒரு கோபுரம், நகத்தளவில் சுக்கான்கள். ஒட்டி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கான சாமான். சோலையம்மாள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒட்டியும் விட்டார். பிறகு ஒரு வாரம் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் வந்தது. மூழ்காத கப்பலுக்கு எதற்கு அந்தப் பெயர்?

ஒட்டியதைப் பிளேடால் மறுபடி பிளந்தார். போனில் எங்கோ வெளிநாட்டுக் கிழவர்கள் செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்தார். பேச்சு புரியவில்லை, கைகள் புரிந்தன. பாட்டரியும் ரிசீவரும் நனையாமலிருக்க, திருகுமூடி போட்ட மாத்திரை டப்பா. காற்றாடித் தண்டு வெளியே வரும் வழிக்கு, காலியான பேனா ரீஃபில். உள்ளே நீர் நுழையாதபடி வாஸ்லின். மூழ்குவதற்கு ஓர் ஊசிக் குழல். சின்ன மோட்டார் அதன் பிஸ்டனை இழுத்தால் குழலுக்குள் தண்ணீர் ஏறும், கப்பல் கனத்து இறங்கும். தள்ளினால் தண்ணீர் வெளியேறும், கப்பல் எழும். அடியில் ஈயக்குண்டு, மேலே தெர்மாகோல். எவ்வளவு ஈயம், எவ்வளவு தெர்மாகோல் என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். வெடிமருந்தின் எடை அரைக் கிராம் தவறினால் கை போகும் ஊரில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு அது ஒரு மாலை வேலையாக இருந்தது.

அவர் தோற்றது வேறிடத்தில். புது மாதிரி ரிமோட் ஒன்றை மாட்டி நீல டிரம்மில் விட்டார். மேலே மிதந்தவரை சொன்னதைக் கேட்ட கப்பல், ஒரு சாண் இறங்கியதும் செத்துப்போனது. மூன்று மாதம் ஒட்டு சரியில்லை, ஒயர் சரியில்லை என்று பிரித்துப் பிரித்து ஒட்டினார். பிழை கையில் இல்லை, அலையில் இருந்தது. புது ரிமோட்டின் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். நீளமான ஏரியல் வைத்த பழைய பொம்மைக் கார் ரிமோட்டின் அலைதான் கொஞ்சமாவது உள்ளே இறங்கும். மதுரையில் பழைய சாமான் விற்பவரிடம் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டினார். டிரம்மில் கப்பல் இறங்கியது, நின்றது, எழுந்தது. டிரம்முக்குள் திரும்பத்தான் இடமில்லை.

"மூழ்குறதுக்குன்னு தனியா ஒரு சாமான் வேற செய்யணுமாக்கும்?" என்றார் அவருடைய கணவர் சங்கிலிமுத்து. லோடு வேன் ஓட்டுகிறவர். "நம்ம குடும்பத்தப் பாத்தாலே போதுமே."

"நீரு மூழ்குனா மேல வர மாட்டீரு. இது வரும்" என்றார் சோலையம்மாள்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். ஊரில் தண்ணீர் பாய்ச்சும் நேரம் இல்லை. சோலையம்மாளும், கம்பெனியில் பக்கத்து அறையில் வேலை பார்க்கும் மாடத்தியும் பெத்தணனின் கிணற்றுக்குப் போனார்கள். பெத்தணனுக்கு ஊரில் நாற்பது ஏக்கர். அவர்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி நிற்பதும் அவர் குத்தகைக்கு விட்ட தரிசில்தான். சோலையம்மாள் படியிறங்கிக் கப்பலைத் தண்ணீரில் வைத்தார். அது நேராக நடுக் கிணற்றுக்குப் போய், மூக்கைத் தாழ்த்தி, பாசியின் அடியில் ஒரு வட்டம் போட்டது.

"ஏ ஆத்தி! கெளுத்தி மீனு கணக்காப் போகுதுடீ!" என்று மாடத்தி கை தட்டினார்.

கைதட்டல் கேட்டுத்தான் பெத்தணன் வந்தார். கூட அவர் மகன் விக்னேஷ்குமார், கையில் போனோடு.

"கெணத்துக்குள்ள என்னத்தடீ விட்டுருக்க?"

"பிளாஸ்டிக் கப்பலு, அண்ணாச்சி. தண்ணிய ஒண்ணும் செய்யாது. இந்தா எடுத்துர்றேன்."

"யாருக்கு யாருடீ அண்ணாச்சி?"

"அப்ப பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுதீகளா?" என்றார் மாடத்தி.

சோலையம்மாள் கப்பலை மேலே கொண்டுவந்து கையில் எடுக்கும்வரை காத்திருந்து, விக்னேஷ்குமார் அதைப் பிடுங்கிக் கல்லில் வைத்து மிதித்தான். ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டே மிதித்தான். மறுநாள் காலையில் பெத்தணன் மோட்டாரைப் போட்டுக் கிணற்றை முழுதாக இறைத்து ஓடையில் விட்டார். சுண்ணாம்பு அடித்து, பூசாரியை வரவழைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார். பங்குனி வெயிலில் ஊர் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. ஒரு கிணற்றுத் தண்ணீர், ஒரு பெண்ணின் கைபட்ட பொம்மை அதில் நீந்தியது என்பதற்காக ஓடையில் போகிறது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பைத்தியத்துக்கு இவ்வளவு திட்டமும் சுண்ணாம்பும் பூசாரியும் தேவையில்லை.

அன்று சாயங்காலம் விக்னேஷ்குமார், கப்பலை மிதித்த படத்தையும் கிணறு கழுவிய படத்தையும் சேர்த்து, சாதிப் பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, ரீல்ஸ் போட்டான். யாரோ அதைக் கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்கள். சோலையம்மாள் பார்த்தார். அழவில்லை. உடைந்த கப்பலைப் பெத்தணன் தரவும் இல்லை. இவர் போய்க் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து, 27ஆம் தேதி வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்த கொஞ்சத்தில் கம்பெனியின் ஒன்பதாம் அறை வெடித்தது. மூன்று பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாடத்தி.

ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். ஒருவர் பெயரில் உரிமம் வாங்கி இன்னொருவர் கம்பெனி நடத்தக் கூடாது என்பதும் சட்டம். அந்தக் கம்பெனியை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் காசிராஜன். சீசன் ஆர்டரை முடிக்க அவர் அந்த அறையில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார். வருகைப் புத்தகத்தில் நாலு பேர். மீதி மூவரில் தீக்காயத்தோடு தப்பிய இரண்டு பேரை, வீட்டில் ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லி மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாடத்தி செத்துப்போனதால் அப்படிச் சொல்ல வழியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வந்தவர் என்றார்கள். மாடத்திக்கு ஆடே கிடையாது.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரியிடம் எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி நாலு பேர் என்றார்கள். பத்தாம் அறையில் வேலை பார்த்த சோலையம்மாள் மட்டும், "ஏழு பேரு சார். காலைல திரிக்கட்டு எண்ணிக் குடுத்தது நாந்தான்" என்றார்.

இரண்டு நாளில் ஊருக்குள் ஒரு கதை நடமாடத் தொடங்கியது. அந்தப் பொம்பளை ரிமோட் வைத்துக் கப்பல் ஓட்டுகிறாளாம், அன்றைக்கும் ஓட்டினாளாம், அந்த அலை பட்டுத்தான் மருந்து வெடித்ததாம். காசிராஜன் இருக்கன்குடிக்குப் போய்க் கெடா வெட்டிவிட்டு வந்து இந்தக் கதையைப் போலீசில் எழுதியே கொடுத்தார். நாலு பேர் இடத்தில் ஏழு பேரைத் திணித்தவர் அம்மனிடம் என்ன வேண்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. போலீசிடம் வேண்டியது கிடைத்தது. சோலையம்மாளின் வீட்டைப் புரட்டி ரிமோட், இரண்டு மோட்டார், ஏழு ஊசிக் குழல் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு எடுத்துப் போனார்கள். "ரிமோட் கப்பல் காரணமா?" என்று செய்தி வந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய்க்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

கணக்கு எளிமையானது. சோலையம்மாள் குற்றவாளியாகிவிட்டால் அவர் சாட்சி இல்லை. அவர் சாட்சி இல்லையென்றால் ஏழு இல்லை. ஏழு இல்லையென்றால் மாடத்தி ஆடு மேய்க்க வந்தவர்.

கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. காசிராஜன் தரப்புக்கு முதல் சாட்சியாக வந்தவர் பெத்தணன். வெள்ளை வேட்டி, திருநீறு.

"வெடிச்ச அன்னைக்கு மத்தியானம் இந்தப் பிள்ள எங் கெணத்துல ரிமோட்டு வச்சுக் கப்பலு விட்டுக்கிட்டு இருந்தத நான் எங் கண்ணால பாத்தேன். கம்பெனிக்கும் கெணத்துக்கும் கூப்பிடு தூரந்தான். நல்ல பிள்ளதான், ஏதோ வெளையாட்டுப் புத்தி" என்றார். கிணற்றடியில் 'டீ', அதிகாரிக்கு முன்னால் 'நல்ல பிள்ள'.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் கோட்டாட்சியர்.

"இந்த ரிமோட்டு ரெண்டு ஆள் ஆழத் தண்ணிக்குள்ள போகவே மூச்சு வாங்கும் சார். திரி வச்ச வெடிய இது கொளுத்தாது. கொளுத்தும்னா, கம்பெனி வாட்ச்மேன் கையில வாக்கிடாக்கி இருக்கே, அது தெனமும் கொளுத்தியிருக்கணும்."

"அது நிபுணர் சொல்ல வேண்டியது" என்றார் காவல் ஆய்வாளர்.

"சரி, அது கெடக்கட்டும். அன்னைக்கு நான் கப்பலு விட்டேங்காக. எந்தக் கப்பல? ஒங்க பட்டியல்ல ரிமோட்டு இருக்கு, மோட்டாரு இருக்கு, ஊசி இருக்கு. கப்பலு எங்க சார்?"

ஆய்வாளர் பட்டியலைப் புரட்டினார். "ஒளிச்சு வச்சிருப்பே."

சோலையம்மாள் போனை எடுத்து மேசையில் வைத்து அமுக்கினார். பாட்டு முதலில் வந்தது. பிறகு ஒரு செருப்புக்கால், அதன் கீழே நசுங்கும் சாம்பல்நிறப் பிளாஸ்டிக். பிறகு இறைத்த கிணறு, சுண்ணாம்பு, மஞ்சள் தண்ணீர். கடைசியில் பெத்தணனின் முகமும் குரலும்: "அவ விட்ட கப்பல ஒடச்சு மோட்டார் ரூம்ல போட்டாச்சு. கெணத்தையும் கழுவியாச்சு. இனி ஒருத்தியும் எறங்க மாட்டா." மேலே தேதி இருந்தது. மார்ச் 17.

கோட்டாட்சியர் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். "மார்ச் 17லயே உடைஞ்சு கிடந்த கப்பல 27ல எப்படிங்க பார்த்தீங்க?"

பெத்தணன் மகனைத் தேடித் திரும்பினார். விக்னேஷ்குமார் வாசலில் நின்று போனில் எதையோ அவசரமாக அழித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒன்னைய யாருலே இதையெல்லாம் ஊருக்குப் போடச் சொன்னது?" என்றார் பெத்தணன்.

"நீங்கதானப்பா, நல்லா வெளிச்சத்துல எடுன்னீக?"

கோட்டாட்சியர் அனுப்பிய ஆள் ஒரு மணி நேரத்தில் மோட்டார் அறையிலிருந்து உடைந்த கப்பலை ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். ஆய்வாளர் சோலையம்மாளைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார். வெடி வழக்கில் அவர் பேர் இனி வராதாம். பதிலுக்கு அந்த வீடியோ பற்றித் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று ஒரு கையெழுத்து. ஊரில் பிறகும் வாழ வேண்டும் அல்லவா?

"இத்தன நாளும் ஊர்லதான சார் வாழ்ந்தேன்? புகாரு எழுதித்தான் வச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க" என்று மடித்த தாளை நீட்டினார் சோலையம்மாள். ஆய்வாளர் அதைச் சுற்றுமுற்றும் பார்த்தபடி வாங்கினார்.

பிறகுதான் சாட்சியம் பதிவானது. அதற்குத்தான் அவர் வந்திருந்தார். எழுத்தர் கணினியில் தட்டினார், முடிந்ததும் படித்துக்காட்டினார்: "சம்பவ நேரத்தில் ஒன்பதாம் எண் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்தனர்."

"ஏழுன்னு போடுங்க" என்றார் சோலையம்மாள்.

"நாலுக்கு மேலன்னா ஏழும் அதுல வந்துரும்லம்மா. ஏன் இப்படி உசுர வாங்குதீக?"

"அஞ்சுன்னும் படிக்கலாம்லா சார். அஞ்சுன்னா மாடத்தி வெளிய போயிருவா."

எழுத்தர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். எழுத்தர் அந்த வரியை அழித்து, ஏழு என்று அடித்து, பெயர்களைக் கேட்டார். சோலையம்மாள் மாடத்தியிலிருந்து தொடங்கினார்.