பீரோ கதவில் ஒலிம்பிக்

எங்கள் அத்தையின் பீரோவைத் திறந்தால் புடவை வாசனை வராது, மை வாசனைதான் வரும். புதுப்பட்டினத்தில் பனியன்களில் படம் அச்சடிக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு எங்களோடு இருந்தாள். அந்த பீரோ கதவின் உள்பக்கத்தில், பழைய பத்திரிகைகளில் வந்த ஒலிம்பிக் சின்னங்களை வெட்டி, சோற்றுப் பருக்கை தேய்த்து, வருஷ வரிசையில் ஒட்டியிருந்தாள்.

அப்பப்பா, அந்தக் கதவு! உச்சியில் பாரிஸ். ஒரு கேடயம், அதற்குள் பாய்மரக் கப்பல். அடுத்து லண்டன் மணிக்கூண்டு, கட்டடத்தோடு. கொஞ்சம் கீழே வந்தால் டோக்கியோ: ஒரே ஒரு சிவப்பு வட்டம், அடியில் வளையங்கள், அவ்வளவுதான். மெக்சிகோவின் கோடுகளை உற்றுப் பார்த்தால் பீரோவே ஆடும். எல்லாவற்றுக்கும் கீழே பார்சிலோனா. நீலப் புள்ளி தலை, மஞ்சளில் ஒரு தூரிகை வீச்சு கை, சிவப்பில் ஒரு வீச்சு கால். முகம் இல்லை, சட்டை இல்லை, ஆனாலும் தாண்டுகிறான்! தினமும் பள்ளிக்குப் போகும் முன் கதவைத் திறந்து, அவன் இன்னும் தரையில் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்வேன்.

"பாத்தியா, வருஷம் ஏற ஏற மூட்டை முடிச்செல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஓடிக்கினு கீறாங்க," என்பாள் அத்தை.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது மாமல்லபுரம் கடற்கரையில் ஓட்டப்பந்தயம் ஒன்று வந்தது. வெளிநாட்டுக்காரர்களும் ஓடப் போகிறார்களாம். பனியன் வேலை அத்தையின் கடைக்குக் கிடைத்தது. அதுவரை அடுத்தவர் வரைந்த படத்தை அச்சுச் சட்டத்தில் மை இழுத்துப் பனியனில் பதித்துக்கொண்டிருந்தவளிடம் முதலாளி, "இந்தத் தபா சின்னத்த நீயே வரஞ்சு காட்டும்மா. நல்லா வந்துச்சுன்னா இனிமே படமெல்லாம் உன் வேலைதான்," என்று சொல்லிவிட்டார். அத்தை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் நாங்கள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து முடித்தாள். ஓடும் ஒரு ஆள், மூன்றே வீச்சு. ஒரு கை மட்டும் காக்காய் விரட்டுவது போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கல்பாக்கத்தில் இயந்திரப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். "இன்னாம்மா இது? கோயில் எங்க, கடல் எங்க? எங்க ஆபீஸ்ல ஒரு போல்ட்டு வரையாம வுட்டாலே திருப்பி அனுப்பிடுவாங்க," என்று சிரித்தார். அத்தையின் முகம் சுருங்கிப்போனது. எனக்குத் தாங்கவில்லை. பாவம், நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டாள் என்றே நம்பினேன்.

மறுநாள் லீவு. டிராஃப்ட்ஸ்மேன் வீட்டுப் பெண்ணுக்குத் தாள் கிழியாமல் அரை பிளேடால் மையைச் சுரண்டத் தெரியும். அத்தை குளித்துத் தலை பின்னுவதற்குள் அந்தக் கோணல் கையைச் சுரண்டிவிட்டு, அழகாக மடக்கி வரைந்தேன். அப்பாவின் பேனாவால் கடற்கரைக் கோயில், கலங்கரை விளக்கம், இரண்டு மீன், வேடந்தாங்கல் நாரைகள் ஐந்து. பழையபடி சுருட்டி அட்டைக் குழாய்க்குள் போட்டேன். அத்தை திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

கடையில், பந்தயம் நடத்தும் கமிட்டிக்காரர்கள் தாளை விரித்தார்கள். அத்தையின் கண் தாளிலிருந்து என் மேல் தாவியது. "பிரமாதம்மா! நம்மூரு மொத்தமும் கீது!" என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கைய ஏன்டி எடுத்த?"

"அப்டி யாரும் ஓட மாட்டாங்க அத்தை."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

பந்தயத்தன்று நாரைகளும் கோயிலும் மையில் அப்பிக்கொண்டு, பத்தடி தள்ளிப் பார்த்தால் எல்லோர் நெஞ்சிலும் சாம்பார் கொட்டினாற்போல் இருந்தது. கமிட்டிக்காரர்கள் முதலாளியைத் திட்ட, முதலாளி அத்தையை மறுபடி மை இழுக்க அனுப்பிவிட்டார். என் கைவேலை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சிட்னி ஒலிம்பிக் வந்தபோது நான் பத்தாவது. பூமராங்குகளாலேயே ஓடும் ஒருவன்! வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, பேப்பரிலிருந்து அதை வெட்டக் கத்தரிக்கோல் தேடி அத்தையின் புடவைகளுக்கடியில் கையை விட்டேன். ஒரு பென்சில் படம் வந்தது. அந்த மூன்று வீச்சு, அந்தக் கை. கூடவே குண்டூசியில் குத்திய ஒரு போட்டோ, நாலாம் வகுப்பு விளையாட்டு விழாவில் எடுத்தது. எல்லோருக்கும் கடைசியில், பாவாடை பறக்க, சிரித்துக்கொண்டே நான் ஓடி வருகிறேன். என் வலது கை, காக்காய் விரட்டுவது போலப் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது.

யாரும் அப்படி ஓட மாட்டார்கள் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.