எங்கள் வீட்டில் அடிக்க வேண்டிய மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் தட்டாஞ்சாவடியில், பாகங்களைச் சேர்த்து ரேடியோ பூட்டும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். நெல்லித்தோப்பில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் அங்கேதான். இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போவோம். என்னைவிடச் சின்னவள், சரியான வாயாடி. அவள் பேச்சை அடக்க மேஸ்திரியாலேயே முடியாது.

அந்த வாயை ஒருத்தன் அடைத்தான். கம்பெனி வாசலில் நிற்பான், கடைக்குப் போனால் பின்னாலேயே வருவான். அவளுக்கு அப்பா இல்லை. அவளுக்கு லீவான நாளில், அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் தட்டி, "எனக்கு இல்லன்னா எவனுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவான். ஸ்டேஷனுக்குப் போனோம். "நீ சிரிக்காமயா அவன் வர்றான்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு நாங்களே ஒரு வழி செய்தோம். அவள் வீட்டுக் கதவோரம் ஒரு சுவிட்சு, எங்கள் கூடத்தில் ஒரு மணி, இரண்டுக்கும் நடுவே சந்துக்கு மேலாக ஒயர். கரண்டை நம்ப முடியாதென்று டார்ச் பேட்டரியில் ஓடும்படி வைத்தோம். மில்லில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும், மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். முதல்முறை அடித்தபோது கொழுந்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தான். கதவைத் தட்ட வந்தவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். தெருவே சிரித்தது. அவளுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில்தான் வரன் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை. கட்டினால் பாரீசுக்குக் கூட்டிப்போவான். பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவள் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அதோடு ஒயரையும் பிடுங்கிவிட்டார். வந்தவர்கள் போன பிறகும் அது மூலையில் சுருட்டிக் கிடந்தது. நான் போய்ச் சண்டை போட்டேன்.

"அதான் வந்துட்டுப் போயிட்டாங்களே. இப்பக் கட்டுங்க."

"மறுபடி வந்து, இது என்னா ஒயருன்னு கேட்டா? ஒருத்தன் சுத்துறான்னு தெரிஞ்சா அந்தப் பக்கமே போயிடுவாங்க. தட்டு மாத்தட்டும்மா. கடல் தாண்டிட்டா அவன் எங்கேருந்து வருவான்?"

ஒயரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். அவரும் மகளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்தாலும் வரலாம் என்று மகளை வேலைக்கும் அனுப்பவில்லை. அந்த வாரமே, தனியாக இருந்தவளின் வாயைப் பொத்திக் கன்னத்தைக் கத்தியால் கிழித்துவிட்டான் அவன். எதிர்வீட்டில் என் வீட்டுக்காரர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அன்று காலையில்தான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மா அதையே சொல்லிச் சொல்லி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார்.

அவள் அழவில்லை. முகம் முழுக்கக் கட்டு. என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் மெல்லச் சொன்னாள்:

"ஒயர் இல்லன்னு தெரியும்க்கா. ஆனாலும் சுவிட்சத்தான் அழுத்துனேன். யாராச்சும் வந்துடுவீங்கன்னு அழுத்திக்கிட்டே இருந்தேன்."